பினாங்கு சோப்பில் வந்த சமாதானம்

வெளிநாட்டிலிருந்து வந்த பேத்தி நீட்டிய சோப்பை முகர்ந்ததும், இன்று கார்கள் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் பரங்கிப்பேட்டைப் பள்ளியின் ஓட்டுக்கூரை வகுப்பறை மைதாப் பசையோடும் மசிக்கறையோடும் எழுந்து வந்தது. எட்டாம் வகுப்பில் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் கவிதை எழுத ஆறு பேர், உலகச் செய்திக்கு ஜமீலா மட்டும்தான். பினாங்கிலிருந்து அவள் மாமா அனுப்பும் சோப்புகளைச் சுற்றி வரும் செய்தித்தாள்தான் எங்களுக்குத் தெரிந்த உலகம்.

ஒருமுறை அதில் இரண்டு நாடுகள் சண்டைக்கு நின்றன.

"நாம கடுதாசி போட்டா நிறுத்திடுவாங்கடி" என்றாள் ஜமீலா. இரு தலைவர்களுக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதி, வகுப்பே கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள்.

அடுத்த சோப்புப் பொட்டலத்தில் சமாதானம் வந்துவிட்டது.

"எங்க புள்ளைங்க சண்டையவே நிறுத்திடுச்சிங்க" என்று காலைப் பிரார்த்தனையில் தமிழ் டீச்சர் சொல்ல, பள்ளிக்கூடமே கைதட்டியது. நான் மட்டும் புத்தகப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தபாலில் போட மறந்த கடிதம் அதற்குள்தான் இருந்தது.

"ஏண்டி அழுவுற?" என்றாள் ஜமீலா.

"சந்தோஷத்துலடி" என்றேன்.