இடப்பக்கத்து வைப்பர்

மனைவி போன நான்காம் மாதம் அவளுடைய காரை விற்றுவிட முடிவு செய்தேன். எனக்கு ஓட்ட வராது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போய் எங்கள் அடுக்ககத்தின் சுற்றுச்சுவரில் இடித்தேன், அதோடு சரி. தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கத்தில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அவள்தான் ஓட்டுவாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து குறை சொல்வேன். அந்த வேலையில் மட்டும் எனக்கு லீவே கிடையாது.

அவள் இறந்தபோது நான் அழவில்லை. மாரடைப்பு, ஆஸ்பத்திரி, கல்லறை என எல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. ஜெபத்துக்கு வந்த பெண்கள் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் கன்னத்தையே தொட்டால் யாருடையதோ போல இருக்குமே, அப்படித்தான் எழுந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். கார் கையை விட்டுப் போகும்போதாவது ஏதாவது உறைக்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

வாங்க வந்தவர் படப்பைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். வண்டி அவருக்குப் பிடித்துவிட்டது. கடைசியில் கண்ணாடியில் தண்ணீர் அடித்துப் பார்த்தார்.

"வைப்பர் சரியாத் துடைக்கல சார். மழை சீசன் வேற. இத மட்டும் மாத்திக் குடுத்துடுங்க, சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

சனிக்கிழமை காலையில், அவள் வழக்கமாக வண்டியை விடும் மெக்கானிக்கை வரச் சொன்னேன். முடிச்சூர் ரோட்டில் சின்னதாகக் கடை வைத்திருப்பவர். வந்ததும் ஒரு பழைய துணியை நாலாக மடித்துக் கண்ணாடிமேல் வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"பிளேடக் கயட்டிட்டா வெறும் கம்பி சார். கை நழுவி கண்ணாடில அடிச்சா, கண்ணாடி காலி."

பிறகு இரண்டு ரப்பரையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ரைட்டு நடுவுல கிய்ஞ்சி தொங்குது. லெஃப்ட்டு நல்லாத்தான் கீது. அது போன மழைக்கு நான் போட்டது சார்."

"ஒண்ண மட்டும் யாராவது மாத்துவாங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நான் இன்னா சார் பண்றது? டிரைவர் சைடு நீட்டு பிளேடு, அன்னிக்கு ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வாங்க டீச்சர், ரெண்டையும் போட்டுடலாம்னேன். 'முதல்ல சார் பக்கம் போட்டுடு தம்பி, மழை வந்தா ஒண்ணுமே தெரியலன்னு ஒரே புலம்பல். நான் குனிஞ்சு ஓட்டிக்கறேன்'னு அவங்கதான் சொன்னாங்க. அப்பால வரவே இல்ல."

கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, வலப்பக்கக் கதவைத் திறந்து அவளுடைய சீட்டில் உட்கார்ந்தேன். டேஷ்போர்டில் குருத்தோலை ஞாயிறன்று அவள் வைத்த ஓலைச் சிலுவை காய்ந்து கிடந்தது. மெக்கானிக்கிடம் துணியை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வைப்பரைப் போட்டேன். இடப்பக்கம் பளிச்சென்று தெரிந்தது. என் கண்ணுக்கு நேராக நாலு விரல் அகலத்துக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. மோவாய் ஸ்டீயரிங்கைத் தொடுகிற மாதிரி குனிந்தால்தான் எதிரே நின்ற பைக் தெரிந்தது.

போன மழைக்காலம் முழுவதும் ஜி.எஸ்.டி. ரோட்டில் அவள் அப்படிக் குனிந்துதான் ஓட்டினாள். "ஏன் இப்படிக் கூன் போடற? நிமிர்ந்து உக்காரு, பாக்கறவங்க சிரிப்பாங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒரு நிமிடம் நிமிர்வாள், மறுபடி குனிவாள். பிடிவாதம் என்று நினைத்தேன். "உங்க பக்கம் நல்லாத் தெரியுதா?" என்று அவள் கேட்டதும் ஞாபகம் வந்தது. தெரியுது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியுதா என்று ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இறங்கி, வலப்பக்கம் மட்டும் மாற்றச் சொன்னேன். மெக்கானிக் பழைய பிளேடைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

சொன்னபடி சாயங்காலம் படப்பைக்காரர் வந்தார். சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தேன். சிலுவையை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வண்டியைக் கிளப்பும்போது தூறல் விழுந்தது. வைப்பரைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினார். முதுகைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார்.

அதைப் பார்த்துத்தான் அழுதேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். வாட்ச்மேன் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு என்னை உட்கார வைத்தார்.

"வண்டிதான சார், வுடுங்க. வேற வாங்கிக்கலாம்" என்றார்.