ஜன்னலைச் சாத்திவிட்டு வாங்கிய விளக்கு

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆன்லைனில் மனுவும் போட்டுக் கொடுப்போம். என் கடை என்று நான் சொல்லிக்கொண்டாலும், அதை நடத்தியது என் மனைவிதான். கொரோனா வந்ததும் மாடி வீட்டுக்கு ஏறியவள் ஒன்றரை வருஷம் கீழே இறங்கவில்லை. அவளுக்கு இளைப்பு உண்டு. பயப்பட நியாயமும் இருந்தது.

பயிர்க் காப்பீட்டுக்கு வருகிற பசுவந்தனை, விளாத்திகுளத்துக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "அக்கா இல்லியா?" என்பார்கள். குத்துக்கல்லு மாதிரி நான் உட்கார்ந்திருப்பேன். ஒருவருடைய சர்வே நம்பரை நான் தப்பாக அடித்துவிட்ட கதை அதற்குள் ஊர் ஊராகப் போயிருந்தது.

எப்படியாவது அவளைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு. வியாபாரத்துக்காக என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் எதிரே அவள் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடையோ சின்ன அறை. கரிசல் புழுதி மிஷினுக்கு ஆகாது என்று இருக்கிற ஒரே ஜன்னலையும் நான் சாத்தியே வைத்திருப்பேன்.

அப்போதுதான் போனில் பார்த்தேன், புற ஊதா விளக்கைப் போட்டால் அறைக்குள் இருக்கிற வைரஸ் செத்துப்போகுமாம். உடனே ஒன்று வாங்கினேன். ஆள் இருக்கும்போது போடவே கூடாது, கண்ணும் தோலும் வெந்துவிடும், ஸ்விட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று கூட வந்த தாளில் எழுதியிருந்தது. விளக்கின் மேலும் கண் படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர். வெளியே ஸ்விட்ச் வைக்கச் சுவரைக் குடைய வேண்டும் என்றார் எலக்ட்ரீஷியன். "போர்டுலயே குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவர் முதல் ஸ்விட்சைப் புது விளக்குக்குக் கொடுத்து, டியூப்லைட்டை இரண்டாவதுக்கு மாற்றிவிட்டுப் போனார். நான் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அதைப் பார்த்தால் இவள் வந்த காலோடு மாடியேறிவிடுவாள்.

மேலே போய் அவளிடம் கதை அளந்தேன் பாருங்கள். "அரை மணி நேரம் எரிஞ்சாப் போதும், ஒரு கிருமி மிஞ்சாது." கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளும் நம்பி மறுநாள் மத்தியானம் இறங்கி வந்தாள்.

சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போய், அவள் வந்துவிட்ட பெருமையைப் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துத் திரும்பினேன். கடைக்குள் நீல வெளிச்சம். எங்கள் பக்கத்துக் கடைகளில் அந்திக்கு விளக்குப் போட்டதும் உள்ளே இருப்பவர்கள் அதைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இவள் பழைய பழக்கத்தில் முதல் ஸ்விட்சைத் தட்டியிருக்கிறாள். மனு போட வந்த மூன்று பேர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தீபாராதனைத் தட்டுக்கு நீட்டுவது போல் உள்ளங்கையை விளக்குக்கு நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கிருமியக் கொல்லுத லைட்டாம்லா அண்ணாச்சி. அக்கா சொன்னாவ. எங்க மேலயும் படட்டும்" என்றார் அவர்களில் பசுவந்தனைக்காரர் ஒருவர்.

நான் பாய்ந்து போய் விளக்கை அணைத்தேன். "அரை மணி நேரம் எரியணும்னீங்கள்லா?" என்றாள் அவள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அவள் கண் சிவந்து, மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துகிறது என்றாள். விடியும்போது இமையே திறக்க முடியவில்லை. கண் டாக்டரிடம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். கண்ணின் மேல்தோல் வெந்திருக்கிறது, ஓரிரு நாளில் ஆறிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். அந்த மூன்று பேருக்கும் போன் போட்டேன். எல்லாருக்கும் எரிச்சல்தான். "மொளகா வத்தல் அள்ளுன கைன்னுல்லா நெனச்சேன்" என்றார் பசுவந்தனைக்காரர். டாக்டரிடம் போகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் அவளிடம் ஸ்டிக்கரைச் சுரண்டியதைச் சொன்னேன். ஈரத்துணியைக் கண்ணில் போட்டபடி படுத்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஜன்னலத் தொறந்து வைங்க, நான் கீழ வாரேன்னு மொத மாசமே சொன்னேன்" என்றாள். "மிஷின்ல புழுதி விழும்னுட்டீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் பெரிய வெட்கமாக இருந்தது.

கீழே போய் ஜன்னலை இழுத்தேன், வரவில்லை. சுத்தியலால் தட்டித் திறந்தேன். காற்று குப்பென்று வந்து மிஷின் முழுக்கப் புழுதியை அப்பியது. துணியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தேன்.