அக்காவின் எடைக்கு நான்

கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் சித்தப்பா வைத்திருந்த ஒர்க் ஷாப்பில், எங்கள் அக்கா ஓட்டுவதற்காக ஒரு ரேஸ் கார் உருவானது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கார் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பவில்லை. குழாய்களை வெல்டிங் செய்து, பின்னால் பைக் என்ஜினை மாட்டிய கூடு அது. நாலு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்திவிடலாம். கோயம்புத்தூரில் பந்தயம். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அக்கா ஜெயிப்பாள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அப்பாவுக்குத்தான்.

அதற்குக் காரணமும் இருந்தது. மாமாவின் ரப்பர் தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, ஒரு மேட்டில் ஏறிய வண்டி தவளை மாதிரித் துள்ளி, சுழன்று, ரப்பர் பால் வடிய மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளைத் தட்டிவிட்டு நின்றது. திங்கட்கிழமை இன்னொரு தரம் பார்ப்பேன், அப்போதும் சுற்றினால் வண்டியை விற்றுவிட வேண்டியதுதான் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

கோளாறு ஷாக் அப்சார்பரில் இருந்தது. சக்கரத்துக்கு ஒன்று, அதன் தலையில் ஒரு சின்னத் திருகு. ஒரு பக்கம் திருகினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு இறுகும், மறுபக்கம் திருகினால் இளகும். ஓட்டுகிற ஆளை உள்ளே உட்கார வைத்துத்தான் அதை அமைக்க வேண்டும். அவ்வளவு இலேசான வண்டியில் ஆள் மாறினால் எல்லாமே மாறிவிடும். வளைகுடாவில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்த்துவிட்டு வந்த சித்தப்பாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்க்க, கல்யாண வயதுப் பெண் அந்தக் கூட்டுக்குள் கால் நீட்டிக் கிடக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். அதனால் சித்தப்பாவே உட்கார்ந்தார், அதுவும் மரச்சீனிக் கிழங்கையும் மாட்டுக்கறியையும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து. அக்கா அவரில் பாதிகூட இருக்கமாட்டாள்.

"ரொம்ப முறுக்கமா இருக்கு சித்தப்பா" என்றாள் அக்கா.

"உனக்கு பயமாக்கும் மக்கா" என்றார் அவர், கூட நின்ற பணியாட்களைப் பார்த்துக்கொண்டே. அக்காவுக்குப் பயமாம்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனைக்குப் போனார்கள். அக்காவுக்குத் தலைவலி, அவளுக்குத் துணை நான். எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பா, சர்ச்சுக்குப் போகும்போதுகூட ஒர்க் ஷாப் சாவியை மடியில் செருகிக்கொண்டு போகிறவர். அன்று அது சுவர் ஆணியில் தொங்கியது. கர்த்தரே அவருக்கு மறதியைக் கொடுத்தார் என்று நான் முழுசாக நம்பினேன்.

ஒர்க் ஷாப்பின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா என்னை வண்டிக்குள் உட்கார வைத்து ஹெல்மெட்டை மாட்டினாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மரச்சீனிச் சாக்கை என் மடியில் ஏற்றினாள்.

"ஏட்டி, இப்ப நீயும் மரச்சீனியும் சேந்தாக்கும் நான். அனங்காம இரி."

நான் மூச்சுகூட மெதுவாகத்தான் விட்டேன். அக்கா ஒவ்வொரு மூலையாக வண்டியை அமுக்கி விட்டுவிட்டு, அது எழும்பி அடங்குவதைப் பார்ப்பாள். குனிந்து ஒரு ‘டிக்’ இளக்குவாள். மறுபடியும் அமுக்குவாள். துள்ளிக்கொண்டிருந்த வண்டி மெல்ல மெல்ல அவள் கைக்கு அடங்கியது. என் பாவாடையெல்லாம் மண். அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன் எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

திங்கட்கிழமை வண்டி அந்த மேட்டில் ஏறி, இறங்கி, வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தது. ஒரு சிரட்டைகூட ஆடவில்லை. அப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"எனக்க செட்டிங்காக்கும் அண்ணா. இனி பயமில்லாம அனுப்பலாம்."

அப்பா தலையாட்டினார். அக்கா இப்போது உண்மையைப் போட்டு உடைப்பாள் என்று காத்திருந்தேன். அவள் "ஆமா" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவர் கையைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது எனக்கு. அக்கா கோயம்புத்தூரில் ஜெயித்து வரும்வரை நான் அவரோடு பேசவில்லை, அவர் வாங்கி வந்த ஹல்வாவையும் தொடவில்லை.

மகளே திருகினாள் என்று தெரிந்திருந்தால் அப்பா அன்றே வண்டியை விலை பேசியிருப்பார். தம்பியின் கைவேலை என்றதால்தான் சம்மதித்தார். இது புரியவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. சாவி விஷயம் அதற்கும் பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர, சித்தப்பா அதை எங்கேயும் மறந்து வைத்ததே இல்லை.