பச்சைக் கட்டம் தின்ற கிணறு

சவரிமுத்துவின் கிணற்றை நான் தொலைத்தது, கம்ப்யூட்டரில் உட்கார்ந்த மூன்றாம் நாள்.

அதற்கு முன் பதினாலு வருஷம் கையால் பிளான் போட்ட டிராஃப்ட்ஸ்மேன் நான். டிரேசிங் பேப்பரில் தப்பான மைக்கோட்டை பிளேடால் சுரண்டுவோம். பக்கத்துக் கோடும் சேர்ந்து போய்விட்டால் அதையும் திரும்ப வரைய வேண்டும். இந்த ஒரே அறிவோடு, செருப்பை வெளியே விட்டு, வில்லியனூர் ஆபீசின் ஏசி அறைக்குள் போனேன்.

சவரிமுத்து பாகூர்ப் பக்கம் கரும்பு விவசாயி. சொந்த நிலத்தில் வீடு கட்டப்போகிறார். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது. என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் வேலி, தென்னைகள், வட்டமாகக் கிணறு. வீட்டை, உள்ளே நிரப்பிய பச்சைக் கட்டமாகப் போட்டேன். அளவைத் தப்பாக அடித்ததில், வீடு நேராகக் கிணற்றின் மேல் போய் உட்கார்ந்தது.

"ஏம்பா, கெணத்து மேலயா வூடு கட்டுவ?"

"இதோ தள்ளிடறேன் ஐயா" என்று மூவ் கொடுத்தேன். நகரும்போது கட்டத்தைக் காணோம்; அதன் விளிம்பு மட்டும் ஊர்ந்தது. இறங்கிய இடத்தில் மறுபடி பச்சை நிரம்பியது. எழுந்து வந்த இடத்தில் கிணறு இல்லை. வீட்டின் அளவுக்கு வெறும் இருட்டு. பதறி இன்னொரு முறை நகர்த்தினேன். இரண்டு தென்னையும் கொஞ்சம் வேலியும் போயின.

"இன்னாபா இது, போற எடமெல்லாம் துன்னுது?" அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நான் பதினாலு வருஷ அனுபவசாலி அல்லவா? சுரண்டிப் போச்சு, திரும்ப வரைவோம் என்று கண் மதிப்பில் ஒரு வட்டம் போட்டேன். அது வீட்டின் தெற்கு மூலையை உரசிக்கொண்டு விழுந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் இன்ஜினியர் உள்ளே வந்தார். "இன்னாய்யா, ஜன்னல்லேர்ந்து குதிச்சிக் குளிக்கணுமா? ரீட்ரா அடி."

அடித்தேன்; படம் முழுவதையும் திரையில் மறுபடி காட்டும் கட்டளை அது. தென்னை, வேலி, பழைய கிணறு எல்லாம் அவை இருந்த இடத்திலேயே வந்து நின்றன. எதுவுமே அழியவில்லை, கட்டம் நகரும்போது திரையைத்தான் துடைத்திருக்கிறது. இப்போது கிணறு இரண்டு. இன்ஜினியர் சிரித்தார். நானும் சிரித்தேன், வேலை போகாமல் இருக்க.

சவரிமுத்து சிரிக்கவில்லை. என் வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலியே ஐயா..."

"எங்கக்கா வுழுந்த கெணறு. எங்கப்பா ராவோட ராவா மண்ணு போட்டு மூடிட்டாரு. அப்புறம் கரும்பு வச்சதுல எடமே மறந்துபோச்சு, இதப் பாத்ததுந்தான் ஞாபகம் வருது. வூட்ல கூட சொன்னதில்ல நானு."

ஏசியில் எனக்கு வேர்த்தது.

மறுநாள் மூவரும் நிலத்துக்குப் போய், என் வட்டத்தை அளந்து இரும்புக் கம்பியை இறக்கினோம். மற்ற இடத்தில் ஒரு முழத்தில் நின்ற கம்பி, அங்கே ஆள் உயரமும் தடையில்லாமல் இறங்கியது. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டை வடக்கே தள்ளினோம். திங்கட்கிழமை தோண்டியிருந்தால் அந்த மூலை என்றைக்காவது உள்ளே போயிருக்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எதையாவது காணவில்லை என்றால் திரும்ப வரையாதீர்கள், முதலில் ரீட்ரா. திரையில் தெரியாதது, இல்லாமல் போனது அல்ல.

அன்று நிலத்திலிருந்து ஆபீசுக்குத் திரும்பியதும், மூடிய கிணறு பிளானில் வேண்டாமென்று அந்த வட்டத்தை அழிக்கச் சொன்னார் இன்ஜினியர். அழித்தேன். போய்விட்டதா என்று பார்க்க ரீட்ரா அடிக்கச் சொன்னார்.

அதை மட்டும் அவரையே அடிக்கச் சொல்லிவிட்டு, செருப்பு மாட்டப் போய்விட்டேன்.