ரூடி குத்திய ஏழு புள்ளிகள்

போர்பந்தரில் பால் ஊற்றும் வேஜிபென்னின் இடக்கையில் ஏழு பச்சைப் புள்ளிகள். விளக்குக் கரியைப் பாலில் குழைத்து ஊசியால் குத்திவிட்டவள் அக்காள் ரூடி. அந்த மழைக்காலத்திலேயே ரூடி பாம்பு கடித்துச் செத்துப்போனாள். மேர் சாதியாரின் நம்பிக்கையில் சாவுக்குப் பிறகு நகை வராது, நட்டு வராது. குத்திய பச்சை மட்டும் கூட வரும். அதைக் காட்டித்தான் மேலே போய் அக்காளைக் கண்டுபிடிக்கப் போவதாக வேஜி நம்பியிருந்தாள்.

பல வருஷம் கழித்து அந்தப் புள்ளிகளைச் சுற்றியே வெண்படை விழுந்து உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்தது. ஒட்டாத நோய்தான். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "அந்தக் கையால அளந்த பாலா?" என்று ஒவ்வொரு வீடாகக் கதவைச் சாத்தியது.

ராஜ்கோட்டில் டாக்டர் நிஷிதா, படை இரண்டு வருஷமாகப் பரவவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நிறமுள்ள தோலிலிருந்து அணுக்களை எடுத்து வெளுத்த இடத்தில் வைக்கலாம் என்றார்.

"இவரு தோலை எடுத்துக்கங்க, நல்லாத் தடிச்சது" என்று வேஜி புருஷன் ரண்மலை முன்னே தள்ளினாள்.

"உங்க தோல்தான் வேணும் வேஜிபென். தொடையில கொஞ்சம். இங்க வெளுத்த மேல்தோலைச் சுரண்டிட்டு வைப்போம்."

"சுரண்டினா என் அக்கா?"

"பச்சை அடித்தோல்ல இருக்கு. போகாதுன்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் பண்ணாததால்தான் வேஜிக்கு அவரைப் பிடித்தது. சம்மதித்தாள்.

சிகிச்சை அன்று மருந்தில் கை மரத்திருந்தது, கண் விழித்திருந்தது. தொடையிலிருந்து எடுத்தது பெரிய தபால்தலை அளவு தோல், வெங்காயச் சருகு மாதிரி. அதை மருந்தில் ஊறவைத்துப் பிரித்தபோது மிஞ்சியது சில சொட்டுக் கலங்கல் நீர். அதைத்தான் கையில் விட்டார்கள். வேஜி எட்டிப் பார்த்தாள்.

"அம்மாடி! இது உறைமோர்ல! ஒரு சொட்டு விட்டா பானைப் பாலே உறையுமே!"

டாக்டர் கை அப்படியே நின்றது. "இவ்வளவு நல்லா எனக்கே சொல்ல வராது பென்."

உறை ஊற்றிய பானையை அசைக்கக்கூடாது. ஏழு நாள் வேஜி கையை அசைக்கவில்லை. சோறுகூட ரண்மல்தான் ஊட்டினான்.

"தொடைத்தோல் கைக்கு ஏறிடுச்சு. இனி நீ அறைஞ்சா எனக்கு உதை விழுந்த கணக்குதான்" என்றான்.

கட்டைப் பிரித்தார்கள். பச்சை இறைச்சி மாதிரி ஒரே சிவப்பு. புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை. வேஜி அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். "பொறுங்க, சிவப்பு அடங்கட்டும்" என்றார் டாக்டர்.

மூன்றாம் வாரம் புள்ளிகள் தலைகாட்டின. இரண்டாம் மாதம் வெள்ளைக்குள் பழுப்பு முளைத்தது. ஆறாம் மாதம் கை முழுக்க அவள் நிறம். புள்ளிகள் ஏழும் இருந்தன, ஆனால் மங்கலாக. வெள்ளையில் மைபோல் எடுப்பாகத் தெரிந்தவை இப்போது தோலோடு தோலாக அடங்கியிருந்தன.

"மங்கிப்போச்சேன்னு வருத்தமா?" என்றான் ரண்மல்.

வேஜி அழுதுகொண்டே சிரித்தாள். "இல்லய்யா. அக்கா குத்திவிட்ட காலத்துல இப்படித்தான் இருந்துச்சு. வெள்ளையில பார்த்துப் பார்த்து நான்தான் மறந்துட்டேன்."