உபவாசம் என்று நான் எழுதிய கூட்டம்

சிங்காநல்லூரில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். மாதம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். எந்த மாதம் யார் வீடு என்ற பட்டியலை ஜனவரியில் நான் போடுவேன். பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், கடைசியில் அந்த வீட்டுக்காரம்மாவின் பலகாரம். பஜ்ஜி வாசனை வந்துவிட்டால் ஜெபம் தானாகச் சுருங்கிவிடும்.

ஒருத்தி வீடு மட்டும் பட்டியலில் வந்ததே இல்லை. நூல் மில்லில் வேலை, குளத்துப் பக்கம் காலனியில் வீடு. எங்கள் சபையில் ஜாதி கிடையாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கல்யாணப் பேச்சிலும் காபி டம்ளரிலும் மட்டும்தான் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஆராதனை முடிந்ததும் அவள் என்னை வாசலில் பிடித்துக்கொள்வாள்.

“ஏனுங்க அக்கா, இந்த வருசமாச்சும் எங்க ஊட்டுல வைங்க.”

“பார்க்கலாம் அம்மணி” என்பேன். கமிட்டியிலோ, வீடு சின்னது, உட்கார இடம் பத்தாது என்பார்கள். அவர்களில் ஒருவரும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.

போன வருடம் எனக்கே வெட்கமாகி, அவள் பெயரைப் போட்டேன். ஆனால் யாரும் வராவிட்டால் என் பெயரல்லவா கெடும்? அதனால் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில், உபவாச காலத்தில் போட்டு, பக்கத்தில் ‘உபவாச ஜெபம், சாயங்காலம் வரை’ என்று எழுதினேன். கூட்டம் மதியமே முடிந்துவிடும். அங்கே யாரும் எதையும் வாயில் வைக்க வேண்டியதில்லை. கமிட்டியில் ஒருவரும் மறுக்கவில்லை. போதகரம்மாகூட, “நல்லா யோசிச்சுப் போட்டிருக்கீங்க” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முப்பது பேர் வந்தார்கள். எல்லோருக்கும் இடம் இருந்தது. புதுப் பாய்கள் விரித்திருந்தாள். ஜெபம் முடிந்ததும், ஒரு பாத்திரம் நிறையச் சுண்டலையும் சின்ன டப்பாக்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

“சாயங்காலம் உபவாசம் முடிச்சுப்போட்டுச் சாப்பிடுங்க. டப்பாவுல போட்டுத் தாரேனுங்க.”

ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். கடைசியில் நான் மட்டும் நின்றேன்.

“இருக்கட்டும் கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

அடுத்த கூட்டம் கமிட்டித் தலைவி வீட்டில். அப்போதும் லெந்து நாட்கள் முடியவில்லை. ஆனால் போண்டாவும் காபியும் வந்தன, உபவாசம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நானே தட்டை எடுத்துப்போய் நீட்டினேன். அவள் மரியாதையாகச் சிரித்தாள்.

“வேண்டாமுங்க அக்கா. நான் உபவாசமுங்க.”

அதற்குப் பிறகு ஈஸ்டர் வந்துபோனது, கிறிஸ்துமஸும் வந்துபோனது. அவள் ஒரு கூட்டத்தையும் தவறவிடுவதில்லை. எங்கள் யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நான் எழுதிய உபவாசத்தை இன்றுவரை அவள் ஒருத்திதான் கடைப்பிடிக்கிறாள்.