டர்போவுக்கு ஏற்ற எஞ்சின்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பழுதுபார்க்கும் அறிவரசன், 2005-இல் பந்தயத்துக்காகத் தன் பழைய காரில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தினான். “ஆயிரத்து முந்நூறு சி.சி. எஞ்சினே போதும்” என்று டீக்கடை முழுக்கச் சொல்லியிருந்தான். அவனிடமிருந்த ஆயிரத்து அறுநூறு சி.சி. எஞ்சின் பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

ரெட்டிபாளையம் சாலையில் ஒரு லாரியைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கார் முனகியது. சின்ன எஞ்சின் தள்ளிய புகை டர்போவைச் சுழற்றப் போதவில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தொட்ட பிறகே கார் பாய்ந்தது.

பக்கத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி மலர்க்கொடி, “இப்பத்தான் தூங்கி எழுந்திரிச்சிருக்கு. அதுக்குள்ள லாரி ஜெயங்கொண்டமே போயிருக்கும்ங்க” என்றாள்.

சின்ன டர்போ சீக்கிரம் விழிக்கும். ஆனால் உச்ச வேகத்தில் மூச்சு முட்டும். பெரிய எஞ்சின்தான் வழி.

“சொன்னத மாத்துனா பூமாலை சிரிப்பானே” என்று டீக்கடை நண்பனை நினைத்து இழுத்தான் அறிவரசன்.

“தோத்தா ஊரே சிரிக்கும். ஒருத்தர் சிரிச்சா சிரிக்கட்டும்ங்க.”

எஞ்சினை மாற்றினான். மூவாயிரம் சுற்றுக்குள்ளேயே டர்போ விழித்துக்கொண்டது.

டீக்கடையில் லாரி டிரைவர் பூமாலை விடவில்லை. “என்ன மாப்ள, முந்நூறு அறுநூறாயிடுச்சு?”

“தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் மாப்ள. ஏறு, காட்டுறேன்.”

முதல் லாரியைத் தாண்டியதும் பூமாலை கதவைப் பிடித்துக்கொண்டான். “மெதுவாப் போடா டேய்!”

பின்சீட்டில் மலர்க்கொடி சிரித்தாள். அறிவரசன் அடுத்த லாரிக்கு ஹாரன் அடித்தான்.